பெர்தொனொ: இத்தாலிய வினைச்சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது?

சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவில் நான் பராமரிக்கும் சிஞ்ஞோராவின், அதாவது வயதான இத்தாலிய அம்மாவின், வீட்டில் ஒரு மாரிகாலத்தில் குளியலறைக் குழாய் இரண்டும் ஒழுகத் தொடங்கின. அவருடைய மகனுக்கு ரெலிபோன் எடுத்தேன். குழாய் ஒழுகுவதை இத்தாலியர் 'இழத்தல்' என்ற வினையாலேயே சொல்வார்கள். ஒரு குழாய் என்றால் 'பெர்தெ', பல என்றால் 'பெர்தொனொ'. சொல் எனக்குத் தெரியும், கொப்பியில் எழுதியும் வைத்திருந்தேன். "இ ருபினெத்தி பெர்தோனொ" என்றேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் கேட்டார்: "ஏன் மன்னிப்புக் கேட்கிறீர்கள்? குழாயை என்ன செய்தீர்கள்?"

'பெர்' என்ற முதல் அசையில் அழுத்தினால் 'அவை ஒழுகுகின்றன'. நடுவில் உள்ள 'தோ'வில் அழுத்தினால் 'மன்னிப்பு'. 'நான் மன்னிக்கிறேன்' என்றும் பொருள்படும். எழுத்தில் இரண்டுக்கும் ஒரு புள்ளி வித்தியாசம்கூடக் கிடையாது. நான் குழாயை உடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவர் விளங்கிக்கொண்டார். விளக்கப் போய் அதே சொல்லை இன்னும் இரண்டு தரம் அதே பிழையோடு சொன்னேன். பின்னேரம் அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது, சிஞ்ஞோராதான் கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "அது பழைய குழாய், உள்ளே தேய்ந்துவிட்டது." செய்யாத குற்றத்துக்கு அரைநாள் தலைகுனிந்து நின்ற அந்தக் கவலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிரவுதான் இந்த அழுத்த விசயத்தை ஒழுங்காகப் படிப்பதென்று முடிவெடுத்தேன்.

அதற்கு முன்பே ஆறு வருடம் இத்தாலிய மொழி கதைத்துக்கொண்டுதான் இருந்தேன். பஸ்ஸிலும் மருந்துக்கடையிலும் சந்தையிலும் சமாளித்தாயிற்று. எங்கள் சனம் எண்பதுகளில் இருந்தே பலெர்மோவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனொ மலையில் உள்ள புனிதையின் குகைக்கோயிலுக்கு, சைவர்களும் சேர்ந்துதான், நேர்த்தி வைத்து ஏறுகிறோம். அந்தப் புனிதையின் பெயரையே நாங்கள் பிழையாகத்தான் சொல்லி வருகிறோம். நமக்கு அவர் 'ரோசாலியா'. இத்தாலியருக்கு நான்கு அசை, ரொ-ச-லீ-அ, அழுத்தம் மூன்றாவதில். நேர்த்தியை அவர் எப்படிச் சொன்னாலும் கேட்பார் என்று நம்புகிறேன். வாடகை வீட்டுக்காரரும் வைத்தியரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

வளர்ந்தோருக்கான அரசாங்கப் பள்ளிக்கூடம் இங்கே எல்லா மாகாணத்திலும் உண்டு, சிபியா என்பார்கள். அங்கே மாலை வகுப்பில் சேர்ந்தேன். நீண்டகால வதிவிட அனுமதிக்கு மொழிப் பரீட்சை வேண்டும் என்று 2010இல் விதி வந்தது, குடியுரிமைக்கு அதைவிட உயர்ந்த நிலை வேண்டும் என்று 2018இல் வந்தது. அதனால் வகுப்பு எப்போதும் நிறைந்தே இருக்கும். அங்கே படித்ததும், வீட்டில் நானாகக் கண்டுபிடித்ததும் கலந்துதான் கீழே எழுதுகிறேன்.

முதல் உண்மை இது. சொல்லின் கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால் மட்டுமே இத்தாலியர் அதை எழுத்தில் கட்டாயம் காட்டுவார்கள், கடைசி உயிரின் மேல் ஒரு சிறு கோடு போட்டு. பல்லரொ சந்தையின் பெயர்ப்பலகையில் அந்தக் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். மற்ற இடங்களில் விழும் அழுத்தம் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலான சொற்களில் அது கடைசிக்கு முந்திய அசையில் விழுவதால், ஊகித்தே காலத்தை ஓட்டிவிடலாம். அந்த ஊகம் நம்மைக் கவிழ்ப்பது வினைச்சொல்லில்தான்.

இரண்டாவது நம் காதைப் பற்றியது. தமிழில் 'படம்' என்ற சொல்லின் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் அது படம்தான். பொருள் மாறவேண்டுமென்றால் நீளவேண்டும்: படம், பாடம், கல், கால். ஆகவே நம் காது அழுத்தத்தைத் தேடுவதில்லை, நீளத்தையே தேடும். இதை நான் முதலில் குறையாக நினைத்தேன். பிறகு பார்த்தால் இதுவே பெரிய உதவி. இத்தாலிய மொழியில் அழுத்தம் விழும் அசை உயிரில் முடிந்து, அது சொல்லின் கடைசியாகவும் இல்லாவிட்டால், அந்த உயிர் தானாக நீளும். நமக்கு அது நெடிலாகவே கேட்கும். அசை மெய்யில் முடிந்தால் உயிர் குறிலாகவே நிற்கும், கனம் அந்த ஒற்றில் இறங்கும். 'நான் பேசுகிறேன்' என்பது பர்-லொ. கனம் 'பர்' மேல்.

இங்கேதான் நம் வாய் ஒரு பெரிய பிழை விடுகிறது. தமிழில் சொல்லின் கடைசியில் குறில் ஒகரம் வரும் வழக்கமில்லை. அதனால் நாங்கள் எல்லோரும் 'பார்லோ' என்று கடைசியை நீட்டுவோம். இத்தாலியரின் காதில் அது கடைசி அசையில் அழுத்தம் விழுந்ததாகவே படும். அப்படி அழுத்தினால் அது 'அவர் பேசினார்' என்ற வேறு சொல். 'நான்' போய் 'அவர்' ஆகிறது, இன்று போய் அன்று ஆகிறது. வடக்கே அந்த இறந்தகால வடிவத்தைப் பேச்சில் அவ்வளவாகப் பாவிப்பதில்லை. சிசிலியில் காலையில் நடந்ததற்குக்கூட அதையே சொல்வார்கள். ஆகவே இங்கே குழப்பம் நிச்சயம். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான் முதலில்: கடைசி ஓகாரத்தைக் குறுக்குங்கள். மற்றதெல்லாம் பிறகு. பலெர்மோ போல நம் வாயில் பழகிப்போன பெயர்களைத் தவிர, இந்தக் கட்டுரையில் இத்தாலியச் சொற்களின் கடைசியில் வேண்டுமென்றே குறில் ஒகரம் போட்டிருக்கிறேன். நெடில் வந்தால், அங்கே அழுத்தம் என்று வாசியுங்கள்.

இனி அசை பிரிப்பது. இங்கே சிறுபிள்ளைகள் எழுதும் கட்டம்போட்ட கொப்பி கடையில் மலிவாகக் கிடைக்கும். ஒரு கட்டத்துக்கு ஓர் அசை என்று வினைகளை எழுதினேன், அழுத்தம் விழும் கட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் நிரப்பினேன். ஒரு பக்கத்தை நான்கைந்து வினைகளால் நிரப்பியதும், சிவப்புக் கட்டங்கள் தாங்களே ஒரு கோலம்போல ஒழுங்கில் விழுந்திருந்தன. புத்தகத்தில் விதியாக வாசித்தபோது புரியாதது அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் புரிந்தது.

பிரிக்கும்போது நான் முதலில் விட்ட பிழை 'ஸ்'. நமக்குப் பாஸ்தா என்றால் பாஸ்-தா. ரீச்சர் அதைச் சிவப்பால் வெட்டிவிட்டுப் ப-ஸ்த என்று எழுதினார். 'எனக்கு விளங்குகிறது' என்பதும் அப்படித்தான், க-பி-ஸ்கொ. அவர் சொன்ன சோதனை சுலபமானது. இரண்டு மெய் சேர்ந்து வந்தால், அந்தச் சேர்க்கையோடு தொடங்கும் இத்தாலியச் சொல் ஒன்று இருக்கிறதா என்று யோசி. 'ஸ்குவோ' என்று பள்ளிக்கூடத்துக்கான சொல்லே தொடங்குகிறது, எனவே 'ஸ்க்' பிரியாது. 'ர்ல' என்று எந்தச் சொல்லும் தொடங்காது, எனவே பர்-லொ. ஒரே மெய் இரட்டித்து வந்தால் எப்போதும் நடுவில் பிளக்கும். இந்தப் பிரிவு எழுத்துக்கானது. காதுக்கு அந்த 'ஸ்' முன் அசையோடு ஒட்டியே கேட்கும். க-பி-ஸ்கொவில் 'பி'யை நீட்டாதீர்கள்.

இகரத்தின் கதை வேறு. 'நாங்கள் பேசுகிறோம்' என்பது பர்-லியா-மொ. 'லியா' ஒரே கட்டத்துக்குள் அடங்கும், மூன்று அசைதான். 'நான் படிக்கிறேன்' ஸ்தூ-தியொ, இரண்டே அசை. ஆனால் 'நான் அனுப்புகிறேன்' இன்-வீ-ஒ, மூன்று அசை, ஏனென்றால் அழுத்தம் அந்த இகரத்தின் மேலேயே விழுந்து அதைத் தனிக் கட்டத்துக்குத் தள்ளிவிடுகிறது. ரொசலீஅவிலும் நடப்பது இதுவே.

சரி, கோலம் எப்படி விழுந்தது? 'வசித்தல்' என்ற வினையை எடுங்கள். நான் ஆ-பி-தொ, நீ ஆ-பி-தி, அவர் ஆ-பி-த. மூன்றிலும் சிவப்பு முதல் கட்டத்தில். நாங்கள் அ-பி-தியா-மொ, நீங்கள் அ-பி-தா-தெ. இந்த இரண்டில் மட்டும் சிவப்பு விகுதிக்கு நகர்கிறது. கடைசியாக அவர்கள்: ஆ-பி-த-னொ. சிவப்பு திரும்ப முதல் கட்டத்துக்கே ஓடிவிடுகிறது. நாம் ஊகத்தில் அ-பி-தா-னொ என்போம், நான் கேட்ட தமிழர் அநேகமாக எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வாய் கடைசிக்கு முந்திய அசைக்கே போகப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவதுதான் முழு வேலையும்.

ஏன் இப்படி என்று ரீச்சரிடம் கேட்டேன். லத்தீனுக்கும் நம்மைப்போல் குறில் நெடில் உண்டு என்றார். கடைசிக்கு முந்திய அசை நெடிலாகவோ ஒற்றோடோ இருந்தால் அழுத்தம் அதில் விழும். வெறும் குறிலாக இருந்தால் அதற்கு முந்திய அசைக்குப் போகும். 'அவர்கள் வசிக்கிறார்கள்' என்பது லத்தீனில் ஹ-பி-தந்த், மூன்று அசை. நடுவில் 'பி' குறில், ஆகவே அழுத்தம் முதலில். காலப்போக்கில் கடைசி மெய் உதிர்ந்து வாலில் ஓர் 'ஒ' முளைத்தது. அசை நான்காயிற்று, அழுத்தமோ இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. நேர் நிரை பார்த்து வெண்பா படித்த எனக்கு இந்த விளக்கம் உடனே ஏறியது. குறிலா நெடிலா, ஒற்று உண்டா என்று எண்ணுவது நமக்குப் புதிதில்லையே.

ஆகவே வழி இதுதான். எந்த வினையைப் படித்தாலும் அதன் 'நான்' வடிவத்தைச் சேர்த்தே படியுங்கள். 'தெலெஃபொனாரெ' ('ரெலிபோன் எடுத்தல்') என்று பெயர் வடிவத்தை மட்டும் பாடமாக்கினால் அழுத்தம் எங்கே என்று ஒருநாளும் தெரியாது. 'தெ-லே-ஃபொ-னொ' என்று 'நான்' வடிவத்தைப் படித்தால் மற்றது எல்லாம் அதிலிருந்து வரும்: அவர் தெ-லே-ஃபொ-ன, அவர்கள் தெ-லே-ஃபொ-ன-னொ. அழுத்தத்துக்குப் பிறகு மூன்று அசை தொங்குகிறது, ஆனாலும் அது அசையாது. அகராதியும் இதற்குத் துணை. திரெக்கானி அகராதி இணையத்தில் இலவசம். அதில் இந்த மாதிரி வினைகளுக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'நான்' வடிவத்தை அழுத்தக் கோட்டோடு போட்டிருப்பார்கள். இத்தனை வருடமும் அந்த அடைப்புக்குறியை நான் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

'அவர்கள்' வடிவம் செய்ய எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 'ஆரெ'யில் முடியும் வினை என்றால் 'அவர்' வடிவத்தோடு 'னொ' சேருங்கள்: பர்-ல, பர்-ல-னொ. மற்ற வினைகளுக்கு 'நான்' வடிவத்தோடு 'னொ' சேருங்கள்: ப்ரெந்-தொ, ப்ரெந்-தொ-னொ; க-பி-ஸ்கொ, க-பி-ஸ்கொ-னொ; தீ-கொ, தீ-கொ-னொ. 'னொ'வைச் சத்தமில்லாமல் வால்போலத் தொடவிடுங்கள். குழாய் விசயத்தில் என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இந்த ஒரு வரிதான்: பெர்-தொ, பெர்-தொ-னொ. அன்னொ, வன்னொ, ஃபன்னொ, சன்னொ போன்ற இரண்டசைச் சொற்கள் இந்த வழிக்குள் வராது. அவை தினமும் காதில் விழுவதால் தாமாகவே வந்துவிடும்.

பொருள் மாறும் இடங்களில் ஒன்றிரண்டைச் சொல்கிறேன். பா-க-னொ என்றால் 'அவர்கள் பணம் கட்டுகிறார்கள்', ப-கா-னொ என்றால் 'கிறிஸ்துவ மதத்தைச் சேராத பழங்காலத்தவர்'. கா-பி-த-னொ 'அவை நேர்கின்றன', க-பி-தா-னொ 'கப்டன்'. எனக்குப் பிடித்தது மூன்று முகம் உள்ள சொல். முதல் அசையில் அழுத்தினால் கா-பி-தொ, 'நான் எதேச்சையாக வந்து சேர்கிறேன்'. நடுவில் அழுத்தினால் க-பீ-தொ, 'விளங்கிற்று'. கடைசியில் அழுத்தினால் க-பி-தொ, 'அது நேர்ந்தது'. கடைசி வடிவத்துக்கு மட்டுமே எழுத்தில் கோடு உண்டு.

வினையின் பெயர் வடிவத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 'ஆரெ'யிலும் 'ஈரெ'யிலும் முடிபவை எப்போதும் விகுதியில் அழுத்தம் கொள்ளும், அங்கே கவலையில்லை. 'எரெ'யில் முடிபவைதான் இரண்டு சாதி. பார்த்தல் வெ-தே-ரெ, எடுத்தல் ப்ரெந்-தெ-ரெ. ஒன்றில் விகுதி நீளும், மற்றதில் அடிச்சொல்லே கனம் தாங்கும். லத்தீனில் இருந்த நெடில் எகரத்துக்கும் குறில் எகரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இது; ஆனாலும் சில வினைகள் வழியில் சாதி மாறிவிட்டன, ஆகவே லத்தீனை நம்பி ஊகிக்க முடியாது. என் ஆலோசனை: விகுதி நீளும் கூட்டம் சிறியது, அதை மட்டும் பாடமாக்குங்கள். அவேரெ, சபேரெ, பொதேரெ, தொவேரெ, வொலேரெ, வெதேரெ, தெனேரெ, ரிமனேரெ, கதேரெ, செதேரெ, பியசேரெ. அன்றாடத்துக்கு இவ்வளவும் போதும். மிச்சத்தை, அதாவது மெத்-தெ-ரெ, ஸ்க்ரீ-வெ-ரெ, லெஜ்-ஜெ-ரெ, வீ-வெ-ரெ, ரீ-தெ-ரெ எல்லாவற்றையும், அடிச்சொல்லில் அழுத்துங்கள்.

எதிர்காலம் பயப்படத் தேவையில்லாதது. 'பேசுவேன்' என்பதன் அழுத்தம் கடைசி 'ரொ'வில், கோடும் போட்டிருக்கும். பழைய காலத்தில் 'பேசுதல்' என்பதோடு 'எனக்கு உண்டு' என்ற வினையைத் தனிச்சொல்லாகச் சேர்த்துச் சொன்னதுதான் ஒட்டி ஒரே சொல்லாயிற்றாம். ஒட்டிய சொல்லின் அழுத்தம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

வைத்தியசாலையில் இன்னொன்று கவனித்தேன். ஒருவரை மரியாதையாக உள்ளே அழைக்க 'சி அக்-கோ-மொ-தி' என்பார்கள். கூட்டமாக இருந்தால் 'அக்-கொ-மொ-தா-தெ-வி'. அதே வினை, அதே கதவு. முதலாவதில் அழுத்தம் 'நான்' வடிவத்தின் இடத்திலேயே நிற்கிறது, இரண்டாவது 'நீங்கள் எல்லோரும்' என்பதால் விகுதிக்கு நகர்கிறது. அந்த 'வி' ஒட்டுச் சொல். வினைக்குப் பின்னால் எத்தனை ஒட்டுச் சொல் வந்தாலும் அழுத்தம் நகராது. 'எனக்கு ரெலிபோன் எடு' தெ-லே-ஃபொ-ன-மி. 'அதை எனக்குக் கொண்டுவா' பொர்-த-மெ-லொ. 'அதை எனக்கு ஓடர் பண்ணு' ஒர்-தி-ந-மெ-லொ: ஐந்து அசை, கனம் முதலாவதில். நான் வெளியே போகும்போதெல்லாம் சிஞ்ஞோரா படியில் நின்று தெலேஃபொனமி என்பார். 'லே'யில் ஒரு தட்டு, பிறகு மூன்று சின்ன அசைகள் படியில் உருளும் மணிபோல இறங்கும். அழுத்தத்துக்குப் பிறகு இரண்டு அசை தொங்கும் சொற்களை இங்கே 'வழுக்கும் சொல்' என்கிறார்கள். மூன்று அசை தொங்கினால் 'இருமுறை வழுக்கும் சொல்'. பொருத்தமான பெயர்.

கடைசியாக, எனக்கு மிகவும் வலித்த விசயம், இரட்டிக்கும் மெய். இதில் தமிழருக்கு வாய்ப்பு அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள், ஓரளவு உண்மையும்தான். பாடு, பாட்டு என்று பழகிய காது இரட்டிப்பைத் தவறவிடாது. பர்-லெ-ரே-மொ 'பேசுவோம்', பர்-லெ-ரெம்-மொ 'வாய்த்தால் பேசுவோம்' என்ற மாதிரி நிபந்தனை; இந்த வித்தியாசத்தை வகுப்பில் வேறு நாட்டுக்காரர் தடவிக்கொண்டிருக்க நாங்கள் உடனே பிடித்துவிட்டோம். ஆனால் தமிழில் வல்லினம் இரட்டித்தால் வன்மையாகிவிடும். 'காது' என்பதில் தகரம் மென்மை, 'காத்து' என்பதில் வன்மை. மென்மை கெடாமல் இரட்டிக்கும் வல்லினம் நம் வாயில் இல்லை. இத்தாலிய மொழியில் அது நிறைய உண்டு.

ஒருநாள் விடியற்காலை நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா கட்டிலில் இருந்து ஒரு சொல் சொன்னார். 'காதி' என்று கேட்டது எனக்கு. 'நீ விழுகிறாய்' என்பது பொருள். ஈரத் தரையில் வழுக்கிவிடப் போகிறேன் என்று எச்சரிக்கிறார் என நினைத்து, சிரித்துக்கொண்டு கவனமாய் நடந்தேன். குளிக்க வார்க்கும்போதுதான் பார்த்தேன், இடது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கன்றிப்போயிருந்தது. "எப்போது அம்மா?" என்று கேட்டேன். "இரவு. காலையில் சொன்னேனே" என்றார். அவர் சொன்னது 'நான் விழுந்தேன்'. எழுத்தில் ஒரு மெய் கூடுதல், பேச்சில் முதல் உயிர் குறுகி அந்த மெய் மென்மையோடே ஒரு கணம் நின்று விடுபடும். தமிழில் எழுதினால் 'கத்தி' என்று வருகிறது, வாசித்தால் வெட்டுகிற கத்தியாகிவிடும். அதனால்தான் என் கொப்பியில் அந்தச் சொல் இருக்கவே இல்லை. எக்ஸ்ரே எடுத்தோம், நல்ல காலம், எலும்பு முறியவில்லை. நான்கு மணித்தியாலம் அவர் வலியோடு இருந்திருக்கிறார், சொல்லியும் இருக்கிறார், நான் சிரித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு காலையில் அவருக்குத் தலை சீவும்போது இதைப் பழகுகிறோம். அவர் இரண்டில் ஒன்றைச் சொல்வார், நான் 'நீ' அல்லது 'நான்' என்று விரலால் காட்டவேண்டும். பத்துத் தரம். உயிரின் நீளத்தைக் கேட்பதே என் வழி. நீண்டால் 'நீ', குறுகினால் 'நான்'. நான் சொல்லும்போது கழுத்தில் கைவைத்துக்கொள்கிறேன், நாக்கு பல்லில் ஒட்டி நிற்கும் அந்தக் கணமும் தொண்டை அதிரவேண்டும். போன கிழமை பத்துக்குப் பத்தும் சரியாகக் கேட்டேன். சொல்வதில்தான் இன்னும் மூன்றில் ஒன்று கத்தியாக விழுகிறது. அப்போது அவர் என் கையில் உள்ள சீப்பைப் பிடித்து நிறுத்தி, மறுபடி சொல் என்கிறார்.